கோல் விழுந்ததும் கிளம்புகிற பாட்டு

எங்கள் வியாசர்பாடியில் பந்து வலைக்குள் விழுந்த அடுத்த நொடி ஒரு பாட்டு கிளம்பும். அதைக் கட்டியவர் என் தாய்மாமன். துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவருக்கு. “அட்றா அட்றா, வலை கிழிய அட்றா” என்று அவர் எடுத்துக் கொடுத்ததும் மைதானமே கைதட்டிக் குதிக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. கோல் போட்டவனைவிட நான்தான் அதிகம் அலட்டிக்கொள்வேன். பின்னே, பாட்டு எங்கள் வீட்டுச் சொத்து ஆயிற்றே!

அந்த ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்போடு இறுதி ஆட்டம். முதல் கோல் எங்களுடையது. மாமா வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு பெரிய ஸ்பீக்கர் அலறியது. அவர்களில் எவனோ பழைய ராக் அண்ட் ரோல் கேசட் ஒன்றைத் தோண்டி எடுத்து வந்திருக்கிறான். வெள்ளைக்காரன் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். மெட்டு அப்படியே மாமாவின் மெட்டு. கைதட்டுகிற இடம்கூட மாறவில்லை. “காப்பி! காப்பி!” என்று புளியந்தோப்பே கூவியது. மாமா தலையைச் சொறிந்தார்.

எனக்குக் காது சுட்டது. பெஞ்சு மேல் ஏறிக் கத்தினேன். “எங்க மாமா ஹார்பர்ல பாடிகினு இருந்தாரு. கப்பல்ல வந்தவன் கேட்டுகினு போயி அவன் பேர்ல பாடிட்டான். அவன்தான் திருடன்!”

சுத்தப் பொய். ஆனால் என்ன வேகத்தில் பற்றிக்கொண்டது! இடைவேளை முடிவதற்குள் கேரம் கிளப் அண்ணன்கள் அமெரிக்காவுக்கு மனு எழுத ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் பாடியது மாமா பிறப்பதற்கும் முன்னால் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டாவது கோல் விழுந்தபோது நாங்கள் பாடிய பாட்டில் அந்த ஸ்பீக்கர் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜெயித்தோம். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கையில் மைக்கைத் திணித்தார்கள். திருட்டுக் கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டுமாம். அவர் ஒரு முறை தலையாட்டினால் போதும், பாட்டு என்றைக்கும் எங்களுடையது. மாமா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“கொயந்த ஏதோ சொல்லிகீது, நைனா. மெட்டு என்துல்ல. ஒரு கப்பல்ல வயசான கறுப்பர் ஒர்த்தரு, சமையல்காரரு. நான் பெயிண்ட் அடிச்சிகினு இருக்கச்சொல்ல டப்பாவத் தட்டிகினே பாடுவாரு. அவராண்ட கத்துகினதுதான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “பாதி இங்கிலீசு, பாதி கையி காமிச்சு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? இது எங்க பெரியம்மா பாட்டு, அவங்கதான் மொதல்ல பாடுனாங்க, வெள்ளக்காரன் எடுத்துப் பாடி பேர் வாங்கிகினான்னாரு. சொல்லச்சொல்ல கண்ல தண்ணி.”

மைதானம் மொத்தமும் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். அடேயப்பா, என் புளுகை எனக்கு முன்னாலேயே ஒருத்தர் புளுகியிருக்கிறாரே! பாட்டு கைவிட்டுப் போன வருத்தம்கூட அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று. மாமா மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை என்னோடு பேசவும் இல்லை. என் பொய்க்காகத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பாட்டின் கதையைத் தற்செயலாகப் போனில் படித்தேன். அதை முதலில் பாடியவள் ஒரு கறுப்பினப் பெண். வெள்ளைக்காரன் பாடியது சில வருடங்கள் கழித்து. உலகம் ஆடியது அவன் பாட்டுக்கு. அவள் குரலைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினேன். கூடவே வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சமையல்காரர் சொன்ன பெரியம்மா அவள்தானா, எனக்குத் தெரியாது. அன்று அந்த மைதானத்தில் கேட்ட இரண்டு கதைகளில் ஒன்றுதான் பொய், அது என்னுடையது என்பது ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை.