பொட்டு வைத்த மீட்டர்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு எங்கள் காஜா பெராங்கில் வீட்டுக்கு வீடு விளக்கு கட்டினார்கள். நானும் பழைய இரும்புக் கடையில் பித்தளைக் குழாய், பல்சக்கரம், பாய்லரின் ஆவி அழுத்தம் காட்டும் மீட்டர் எல்லாம் பொறுக்கி வந்து ஓர் அலங்கார விளக்கு செய்தேன். மீட்டரின் விளிம்பில் யாரோ சிவப்புச் சாயத்தில் பொட்டு வைத்திருந்தார்கள். சாமி காரியம் என்று அதை மட்டும் சுரண்டாமல் விட்டேன். முள் இறுகிக் கிடந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஓட வைத்தேன்.

மாலையில் விளக்கேற்றியபோது பக்கத்து வீட்டு அஞ்சலை பார்க்க வந்தாள். போன வருடம் பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் வெடித்து அவள் புருஷன் இறந்தான். மீட்டரைப் பார்க்காமல் தூங்கிவிட்டான் என்று ஆலையில் சொன்னார்கள். ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

“என்னண்ணே, தேரையே வாசல்ல நிறுத்திட்டீங்க” என்று சிரித்தவள், அந்தப் பொட்டில் விரலை வைத்தாள்.

“இது அவரு வச்சது. ஆவியில குங்குமம் கரையுதுன்னு ஆயுத பூசைக்குச் சாயத்துல வச்சாரு. சோறு கொண்டு போனப்ப காட்டுனாரு.” முள்ளைப் பார்த்துக் கேட்டாள்: “வாங்கறப்ப முள்ளு ஓடுச்சாண்ணே?”

“இல்லம்மா, இறுகிக் கிடந்துச்சு. நான்தான் சரி பண்ணேன்.”

“அப்ப அவரு தூங்கல.”

விடுமுறை கழிந்ததும் மீட்டரைக் கழற்றிக்கொண்டு அவளோடு ஆலைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கணக்கெழுதும் கிராணி அதை வாங்கிக் காற்றடிக்கும் பம்பில் மாட்டிப் பார்த்தார். முள் அழகாக ஓடியது.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

மீட்டரை அஞ்சலையிடமே கொடுத்துவிட்டேன். சாமியறையில் உட்கார்ந்து முருகனிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்கு வார்த்தை வரவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு எழுந்துவிடுகிறேன்.