கடைசிப் பெட்டி தாண்டும் வரை

புது வேலைக்கு மெடிக்கல் செக்கப். எக்ஸ்ரே அறையில் சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். "மூச்ச புடிங்க பாஸ்," என்றார் உள்ளே இருந்தவர். பிடித்தேன். அவர் விடச் சொல்லியும் விடவில்லை. மூர்த்தியின் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, என்ன செய்ய?

மூர்த்தி என் காலேஜ் கூட்டாளி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் செட் எடுத்த பதினைந்து நிமிட வீடியோ படத்துக்கு அவன்தான் இசை. "வாத்தியமே வேணாம்லா, உடம்புச் சத்தம் மட்டும் போதும்," என்றான். பெரிய மேதை என்று நினைப்பு. எனக்கும்தான். பல்லைக் கடித்தோம், விரலைச் சொடுக்கினோம், தொடையில் தட்டினோம். பசித்த என் வயிற்றில் மைக்கை வைத்து இடிமுழக்கம் எடுத்தோம். அந்த கேசட்டைக் கேட்டால் இன்றும் எனக்குப் பசிக்கும்.

கடைசிக் காட்சிக்கு இதயத்துடிப்பு மட்டும் அமையவில்லை. எங்கள் நெஞ்சில் சிரிப்புதான் பதிவானது. மறுநாள் காலேஜ் ஹாலில் படம் காட்டியாக வேண்டும். அன்றைக்கென்று மூர்த்தி வீட்டில் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். அப்பாவுக்கு பென்ஷன் ஆகிவிட்டது, தெலுக் பங்லிமா காராங்கில் புது வீடு. கட்டில் மெத்தையெல்லாம் லோரியில் ஏறியும், அவர் மட்டும் பனியனோடு நாற்காலியை விட்டு எழவில்லை.

"பா, அப்டியே உக்காருங்க," என்று மூர்த்தி அவர் நெஞ்சில் மைக்கை அழுத்தினான்.

"நாற்காலியயும் ஏத்தணும்டா."

"ஏத்திக்கலாம் பா."

துடிப்பு நிதானமாக விழுந்தது. பாதியில் கிள்ளான் போகிற ரயில் வந்து ஜன்னலை உலுக்கியது. போச்சு என்று ரெக்கார்டரை நிறுத்த பட்டனை அமுக்கப் போனேன். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த மூர்த்தி என் கையைத் தட்டிவிட்டான். அப்பாவின் மூச்சே நின்றிருந்தது. ரயில் முழுக்கப் போன பிறகுதான் நீளமாக ஒன்று வெளியே வந்தது.

ஏன் அங்கிள் என்று கேட்டேன். தண்டவாளத்தை மாற்றிவிடும் லீவரைக் கையால் இழுக்கிற வேலை அவருக்கு, முப்பது வருஷம். கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"கடேசிப் பெட்டி தாண்டுற வரைக்கும் மூச்சு வராது தம்பி. தப்பா மாத்தியிருந்தா?"

சொல்லிவிட்டு எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு லோரிக்குப் போனார்.

ரயில் சத்தம் நம்ம ரூலுக்கு ஒத்து வராதே என்றேன் மூர்த்தியிடம். "அதுவும் அவரு நெஞ்சுக்குள்ளேர்ந்து வந்ததுதான்லா," என்றான். வெட்டவில்லை.

இப்போது குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். பெரிய ஸ்டேஷன் கட்டுகிறார்களாம். மூர்த்தி அப்பாவின் புது வீட்டுப் பக்கம் ரயிலே கிடையாது. போன வருஷம் அங்கேதான் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

"பாஸ், விடுங்க, முடிஞ்சிருச்சு," என்றார் எக்ஸ்ரேக்காரர் மறுபடியும்.

இன்னும் ஒரு பெட்டி இருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.