உரித்தெடுத்த கறுப்பு டேப்

அவருக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அதை அப்போது பெரிய நகைச்சுவையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையைக் கவனிப்பது அக்காவின் வேலை. வருடாவருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. அதற்கு முன்பு போட்டோ ஸ்டுடியோவில் பிலிம் கழுவியவர் என்பதால் இருட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கதவிடுக்கு, சாவித்துவாரம், கருவிகளில் கடுகளவு எரியும் விளக்கு என்று ஒன்று விடாமல் ஒட்டுவார்.

“வீட்டுல அண்ணன் கண்ண தொறந்தா அதுலயும் டேப் ஒட்டிடுவீங்களாக்கா?”

“கண்ணு பரவாயில்ல சார், வாய்தான் ஒட்டணும்” என்பார்.

அத்தனை டேப்பும் தேவைதான். கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. ஒளி பட்டால் அதன் செல்கள் ஒன்றிடம் ஒன்று செய்தி சொல்லும். கடைசி வரிசைச் செல்கள் அதை மின்துடிப்பாக மூளைக்கு அனுப்பும். எலியின் விழித்திரையை ஒரு சின்னத் தட்டில் விரித்து, அது சாகாமலிருக்க பம்ப் வழியாகச் சத்துநீர் விட்டு, அந்தத் துடிப்பைப் பதிவு செய்வது என் வேலை. ஒரு மணி நேரம் இருட்டில் இருந்த விழித்திரைக்குத் துளி வெளிச்சம் போதும்.

அப்படி இருட்டில் வைத்த செல்கள் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒன்றாகத் துடித்தன. வெளிச்சமே இல்லாமல் விழித்திரை தனக்குத்தானே தாளம் போடுகிறது என்று கட்டுரை எழுதினேன். அது வெளியான பிறகு கொஞ்ச காலம் என் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. எவ்வளவு முயன்றும் அந்தத் தாளம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். அவர்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் உதறல்தான். கருவிகளை ஓடவிட்டு, இருட்டறையில் ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் கண்ணும் இருட்டுக்குப் பழகியது. அப்போது மேஜைக்குப் பின்னால் சுவரில் லேசாக ஒரு பச்சை தெரிந்தது. அணைந்தது. மறுபடி தெரிந்தது. பம்ப்பின் பின்பக்க விளக்கு, இரண்டு வினாடிக்கு ஒருமுறை. என் செல்கள் தாளம் போடவில்லை, அந்த விளக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். துறைத் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“அந்த விளக்க மூடாம விட்டது யாரு?”

“டேப் ஒட்டறது அக்கா வேலை. மறந்துட்டாங்க போல.”

வாய் கூசாமல் சொன்னேன். கடைசி நாற்காலியில் மடியில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருந்த அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ அடுத்த வருஷம் இவங்கள வெச்சுக்கறதானு யோசிக்கணும்” என்றார் தலைவர். நான் என் காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

மதியம் அந்த நோட்டோடு என் மேஜைக்கு வந்தார். என் பழைய பதிவு நோட்டுதான் அது. ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். மூலையில் நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதன் கீழே என் கையெழுத்தில், ‘பம்ப் ஓடுகிறதா தெரியவில்லை. டேப்பை எடுத்தேன். பிறகு ஒட்ட வேண்டும்.’ தேதி, தாளம் முதன்முதலில் கிடைத்த நாள்.

“நான் ஒட்டினது நல்லா ஞாபகம் இருந்துச்சு சார். அதான் காலைலயே தேடி எடுத்தேன்.”

“கூட்டத்துலயே காட்டியிருக்கலாமேக்கா.”

“நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லோரையும் மறுபடி அதே அறைக்குக் கூப்பிட்டு, நோட்டை விரித்துக் காட்டி, டேப்பை எடுத்தவன் நான்தான் என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அதில் வலித்ததைவிட ‘மறந்துட்டாங்க போல’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான் இன்றும் குத்துகிறது.

அக்காவின் வேலை நிலைத்தது. இப்போதும் ஒட்டுகிறார். ஒட்டி முடித்ததும் கதவருகே நின்று, “சார், ஒருதடவ உக்காந்து பாத்துட்டு கையெழுத்துப் போட்டுடுங்க” என்பார். முன்பெல்லாம் அவர் கையெழுத்துக் கேட்டதே இல்லை. நானும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். என் முகம் யாருக்கும் தெரியாத இடம் அது ஒன்றுதான்.