சுடாத பாறை

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடங்களாகின்றன. மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு என்று டாக்டர் சொன்ன வழியில் ஒரு சுவாரசியமும் இல்லை. நான் நாலு புத்தகம் படித்தவன். என்னை ஏமாற்றச் சாதாரண ஆளால் முடியாது. அதற்கென்றே திண்டிவனம் சாலையில் ஒருவன் கடை திறந்தான்.

நேற்றுவரை மனை விற்றவன், இன்று சர்க்கரையை விரட்டும் கோச். காலையும் இரவும் பவுடர் கரைசல், மாத்திரைக்கு முழுக்கு. தலை சுற்றுகிறது என்றேன். “கழிவு வெளியேறுது சார்.” கால் மரத்துப்போகிறது என்றேன். “அதுவும் கழிவுதான் சார்.” இவ்வளவு கழிவோடு இத்தனை நாள் எப்படி உயிரோடிருந்தேனோ! எடை மட்டும் மளமளவென்று இறங்கியது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பூரித்தேன்.

“கொடியில காயற சட்ட மாரி இருக்கிறீங்க,” என்றாள் மனைவி. “ஒழுங்கா மாத்திரையப் போடுங்க. கால் போயிடும்.”

அறியாமை என்று மன்னித்தேன்.

ஒரு ஞாயிறு, பவுடர் குடிக்கும் எங்கள் கும்பலை ராஜகிரிக் கோட்டை மலைமேல் வெறுங்காலோடு ஏறச் சொன்னான் கோச். பாதம் வழியாகப் பூமியின் சக்தி ஏறுமாம். அவன் மட்டும் ஷூ போட்டிருந்தான். அவனுக்கு ஏற்கெனவே ஏறிவிட்டதாம். இறங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாறை கொதித்தது. எல்லோரும் நிழல் தேடித் துள்ளினார்கள். நான் மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல நிதானமாக நடந்தேன்.

“இன்னா சார், சுடலியா உனுக்கு?” வல்லத்திலிருந்து வரும் வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றபடி கேட்டார்.

“இல்லையே!”

“பாத்தீங்களா, பவுடர் வேல செய்யுது!” கோச் என்னை வீடியோ எடுத்தான். நானும் தாடையைச் சற்று நிமிர்த்திக்கொண்டேன்.

வீட்டில் நான் நடந்த இடமெல்லாம் தரை ஈரமாக இருந்தது. மனைவி என் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்க உடைந்த கொப்புளங்கள்.

“வலிக்கலியாங்க?”

வலிக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடுவாராம், தெரிந்தால் சொல்ல வேண்டுமாம். எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். “முடிஞ்சிடுச்சு,” என்றார். சர்க்கரை நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது. மரத்துப்போன காலைத்தான் நான் வைரம்பாய்ந்த கால் என்று ஊர்வலம் விட்டிருக்கிறேன்.

புண் புரையோடி, சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

மறுநாள் காலை, மனைவி மாத்திரையோடும் தண்ணீரோடும் கட்டிலருகே வந்தாள். படித்தவன் என்கிற முறையில் ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். போட்டுவிட்டாள்.