மேஜருக்கு எண்ணெய் தேய்த்த கோடை

விளக்கெண்ணெய் ஈரமயிரில் ஏழு நாள் ஊறினால் என்ன நாற்றம் வரும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே நல்லது. புளித்த மாவும் நனைந்த சாக்கும் கறிக்கடை வாசல் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கில் அல்ல, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாற்றம் அது. சோறு இறங்காது. அதை உண்டாக்கியவன் நான்தான். என் பத்தாவது வயதில், அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், ஒரு கிழட்டு நாயின் உடம்பில்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். எழுத்தில் குறை இருக்கலாம், காரியத்தில் யாரும் குறை சொன்னதில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், பழனி என்று மூன்று ஊரில் எனக்கு மோட்டார் பம்ப் கடை இருக்கிறது. தொப்பம்பட்டி வரைக்கும் தோட்டங்களில் தண்ணீர் ஏறுகிறதென்றால், பாதி நான் இறக்கிய மோட்டாரில்தான் ஏறுகிறது. யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. அப்படிப்பட்டவன் தான் செய்த அசிங்கத்தைத் தன் வாயால் சொல்வது லேசான வேலை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

அப்பா கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். மலையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சொந்த ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்து, அவ்வளவு தூரப் பயணத்தைத் தங்கள் கிழட்டு நாய் தாங்காது என்று, தெரிந்த டிரைவரான அப்பாவிடம் அதை ஒப்படைத்துவிட்டது. கேரட் மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் தெருவில் வந்து இறங்கியது மேஜர். மூஞ்சி நரைத்து, இடுப்பு தளர்ந்து, உடம்பு முழுக்க ஒரு சாண் ஆழத்துக்கு மயிர். மேல்மயிரை விலக்கினால் உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி இன்னொரு மயிர். தெருவே கூடி அதற்குக் ‘கரடி’ என்று பேர் வைத்துவிட்டுப் போனது.

அந்த வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள் சொல்லி அனுப்பியதை அப்பா என்னிடம் ஒப்பித்தார். “ஏலே, தெனமும் சீப்பு போட்டு உதுந்த மயிர எடுத்துரு. வயிறு குளுந்தாப் போதும் அதுக்கு. வேற ஒண்ணும் செய்யாத.” சொல்லிவிட்டு அவர் மலையேறிவிட்டார்.

அந்தக் காலத் திண்டுக்கல்லில் கோடைத் தண்ணீர் என்றால் என்ன என்று இப்போது குழாயைத் திருப்புகிறவர்களுக்குச் சொன்னால் விளங்காது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒருநாள் முழுக்கக் காத்திருப்போம். அதனால் அம்மா ஒரு வழி பண்ணினாள். வீட்டுப் பின்னால் குடங்கள் இருக்கும் நிழல் மூலையில் நாலு கூடை ஆற்றுமணலைக் கொட்டி, அரிசி கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றினாள். மேஜர் அதில் வயிற்றை அப்பிக்கொண்டு கிடக்கும். காலையில் வெயிலுக்கு முந்தி ஒரு நடை, பகலெல்லாம் மணல், இருட்டிய பிறகு சோறு. அம்மா செய்தது இவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

காரணம் அருவருப்பு. பள்ளிக்கூடம் லீவு, அம்மா சின்ன வெங்காயம் ஆய்கிற கூலி வேலைக்கு மண்டிக்குப் போய்விடுவாள், நாயோடு நான்தான் இருந்தேன். அது துருத்தி மாதிரி இரைக்கும். நாக்கு ஒரு முழம் தொங்கும். நுனியிலிருந்து கோழை கோழையாய் நூல் விட்டு என் கால்மேல் வடியும். மத்தியானம் மணல் காய்ந்துவிட்டால் எழுந்து போய்த் தெருச்சாக்கடையில் படுத்துக்கொண்டு, கறுத்த வயிற்றோடு திரும்பி வந்து வீட்டுக்குள் உதறும். சுவரெல்லாம் சாக்கடை. மலைக்கோட்டைப் பாறையோ பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் திருப்பிக் கக்கும். அந்தப் புழுக்கத்தில் அந்த நாற்றம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து வைத்தியம் சொன்னாள். “அப்பு, அதுக்கு ஒடம்புல சூடு ஏறிப் போச்சு. வெளக்கெண்ணெய வச்சுக் குளுப்பாட்டி விடு, எல்லாம் எறங்கிரும்.” எங்கள் தெருவில் கண் எரிந்தாலும் கட்டி வந்தாலும் அதுதான் மருந்து. உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்து ஊறவைத்து முழுகினால், ‘சூடு’ உள்ளங்கால் வழியே போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெய்க் குளியலைப் பற்றித் துரைசாணிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்போதே நான் யார் சொல்லையும் கேட்கிறவன் இல்லை.

ஒரு பாட்டில் முழுக்கக் கவிழ்த்தேன். முதுகு, கழுத்து, தொடையிடுக்கு என்று உள்மயிர்வரை விரல்விட்டுத் தேய்த்தேன். மேஜர் ஆடாமல் அசையாமல் நின்று என் மணிக்கட்டை நக்கியது. பிறகு சீயக்காய்த் தூளைப் போட்டேன்; அலச என்னிடம் இருந்தது ஒரே குடம் தண்ணீர். எண்ணெயும் தூளும் சேர்ந்து பசையானது எனக்குத் தெரியவில்லை. மேலே காய்ந்து பளபளவென்று மின்னியது. அதைத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சீப்பு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மயிர் சடையாகவே ஆகிவிட்டது. பலகை மாதிரி இருந்தது. அந்தச் சடைக்குள் காற்று நுழையவில்லை, மணலின் குளிர்ச்சி ஏறவில்லை, மேஜர் முன்னைவிட மோசமாக இரைத்தது. ஈ மொய்த்தது. வீட்டில் தெரியக் கூடாதென்று காலை நடையையும் ராத்திரிச் சோற்றையும் நானே ஏற்றுக்கொண்டு, அம்மா வரும் நேரம் பார்த்து அதைச் சாக்கால் போர்த்தி மறைத்தேன். கொதிக்கிற வெயிலில் சாக்கு. இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே குமட்டுகிறது.

ஏழாம் நாள் அம்மா சாக்கை எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்து வந்து பின்தொடைப் பக்கம் ஒரு சடையை வெட்டித் தூக்கினாள். அடியில் தோல் சிவந்து சொதசொதவென்று கிடந்தது. அதில் வெள்ளை வெள்ளையாய்ப் புழு நெளிந்தது. நான் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். “வந்து தலையப் புடி,” என்றாள். பிடித்தேன். சீத்தா இலையை அரைத்துப் பிழிந்து புண்ணில் விட்டு, ஒவ்வொன்றாய்க் குச்சியால் அவள் எடுக்க எடுக்க, மேஜர் என்னைக் கடிக்கவில்லை. அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாக்கியம் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “நான் உச்சியில ஒத்தக் கரண்டிதான் சொன்னேன். ஒம்மகன் கடையவே கவுத்துருக்கான்.” அம்மா தலை நிமிராமல், “இன்னைக்கு ஒங்க வீட்டுக் குடத்துல ரெண்டு குடுங்க மதினி, பேச்சு அப்புறம்,” என்றாள். அத்தை கொடுத்தாள். அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா மறுநாள் வந்தார். அடி விழும் என்று வெளியே நின்றேன். அவர் புண்களை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெரியலன்னாக் கேக்கணும்லே. தெரிஞ்சவன் மாதிரி செஞ்சு கொல்லக் கூடாது.” அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மேஜர் சாகவில்லை. திட்டுத் திட்டாய் மயிர் போன இடங்களில் வெயில் படக் கூடாதென்று அம்மா அதை மணல் மூலையைவிட்டு நகரவிடவில்லை. நகர்த்தியது நான்தான். நான் பக்கத்தில் வந்தால் போதும், உறுமாது, குரைக்காது, இடுப்பு வலிக்க வலிக்க எழுந்து ஈர மணலை விட்டுவிட்டுச் சுடுகிற முற்றத்தில் போய் நின்றுகொள்ளும். நான் போகும்வரை நிற்கும். அதற்கு நிழல் கிடைக்க வேண்டுமென்றால் நான் அங்கே இருக்கக் கூடாது. மீதிக் கோடை முழுக்க, உச்சி வெயிலில், நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒரு குளிர்ந்த பகலில் அது தூங்கினபடியே போனது. வெயிலுக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்று அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை. கடைசிவரை அது என்னைத் தொடவிடவில்லை.

இன்று எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டு மண்டபம் கட்டிவிட்டார்கள். அம்மா இல்லை, அத்தை இல்லை, தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிற சண்டையும் அந்தத் தெருவில் இல்லை. பைபாஸ் பக்கம் மாடி வீடுகளில் மேஜர் மாதிரி குளிர்தேசத்துப் பனிநாய் வளர்ப்பது இப்போது பெருமையாகிவிட்டது. போன சித்திரையில் மோட்டார் பார்க்கப் போன ஒரு வீட்டில் அப்படி ஒரு வயதான நாயைத் தோல் தெரிய மழித்து வைத்திருந்தார்கள். முதுகு வெந்து சிவந்திருந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மழித்தார்களாம். மேலே ஏசி வேறு இருக்கிறதாம். எனக்கு வந்த எரிச்சலில் வந்த வேலையை விட்டுவிட்டு, மயிரை வெட்டாதே, வாரிவிடு, வயிற்றுக்குக் குளிர்ச்சி கொடு, ஈர ஆற்றுமணல் போடு என்று சத்தம் போட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். “ஆத்துல ஏதுண்ணே மணலு?” என்றார்.

போர்டிகோ நிழலில் கிடந்த அந்த நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. “தடவிக் குடுங்கண்ணே, ஒண்ணும் செய்யாது,” என்றார் அவர். அது எழுந்துவிடப் போகிறதே என்று, நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டேன்.