பீச்சே என்றால் பின்னால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். உண்மையை மறைத்துக்கொண்டு தினமும் முருகன் படத்துக்கு விளக்கேற்றக் கூசுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

ராணுவத்தில் நான் இருந்தது குதிரைப்படை. பெயரில்தான் குதிரை, ஓட்டியது டாங்கி. நாமக்கல் பக்கத்து ஆளுக்கு லாரி தெரியாமல் இருக்குமா என்று என்னை ஓட்டுநராகப் போட்டார்கள். எனக்கு எருமை மேய்க்கத்தான் தெரியும்.

போரில் ஒரு நாள் எங்களைச் சுற்றிக் குண்டுகள் விழுந்தன. அதிகாரி இந்தியில் "பீச்சே! பீச்சே!" என்று கத்தினார். பின்னால் எடு என்று அர்த்தம். பயத்தில் படித்த இந்தியெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் ஊரில் பால் கறப்பதைப் பீச்சுவது என்போம். அழுத்திப் பீச்சச் சொல்கிறார் என்று ஆக்சிலேட்டரை அமுக்கினேன். டாங்கி முன்னால் பாய்ந்து, அடிபட்டுக் கிடந்த நான்கு வீரர்களுக்கும் எதிரிக்கும் நடுவில் போய் இன்ஜின் அணைந்து நின்றது. அந்த மறைவில் எங்கள் ஆட்கள் அவர்களைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

பின்வாங்கச் சொல்லியும் கேளாமல் முன்னேறிய வீரன் என்று அதிகாரி எழுதி அனுப்பினார். பதக்கம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம்தான் மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இப்பச் சொன்னா பதக்கத்தப் புடுங்கிக்குவாங்களா?"

"தெரியல சாமி."

"புடுங்குனாப் புடுங்கட்டுமுங்க. நாலு பேரு உசுரோட ஊடு போய்ச் சேந்தாங்கல்ல? அது முருகன் செஞ்சதுங்க. எருமையே உங்க பேச்சக் கேக்காது, டாங்கியா கேட்டுருக்கும்?"

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். பாய்ந்தது டாங்கி. நான் பயந்தேன்.