துவக்குப் பெட்டியின் திறப்பு

முதல் நாள் சுட்டபோது எனக்குப் பிடித்துப்போனது அந்தச் சத்தம். எங்கள் நிறுவனத்தில் வால்வுகளைச் சோதிக்கும் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பிரிவின் மூத்த பொறியியலாளர் ஒரு சனிக்கிழமை எங்களை லண்டனுக்கு வெளியே ஒரு சுடுதிடலுக்குக் கூட்டிப் போனார். இயந்திரம் எறியும் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளைச் சுட வேண்டும். இருபத்தைந்தில் ஒன்பதை உடைத்தேன். தோள் வலித்தது. பல வருடங்களில் முதல் தடவையாக ஒரு பெரிய சத்தத்தை நானே உண்டாக்கியிருந்தேன்.

லண்டனில், டூட்டிங்கிலிருந்து மிச்சம் என்ற இடத்துக்குப் போகும் பேருந்துப் பாதையில் இருந்தது எங்கள் வீடு. அம்மா, அண்ணன், நான். அங்கே யாரும் கதவை அடித்துச் சாத்துவதில்லை. அண்ணன் ஊரில் பதினான்கு மாதம் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு, சுவிஸ் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தவர். வந்த முதல் வருடம் கடையில் வேலை செய்தார். பிறகு மேல் அறையை விட்டு இறங்குவது குறைந்தது. மாத்திரைகள் பிஸ்கட் டின்னில் இருந்தன. வருகிறவர்கள் கேட்டால், இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறார் என்று சொல்வோம். ஆறு வருடமாக அவர் அந்த இல்லாத ஷிப்டில் வேலை செய்துகொண்டிருந்தார்.

நான் மாதம் இருமுறை சுடப் போகத் தொடங்கினேன். வாடகைத் துப்பாக்கிகள் எல்லாம் ஆண்களின் கை நீளத்துக்குச் செய்தவை; கன்னத்தில் இடித்தன. சொந்தமாக ஒன்று வாங்குவதென்று தீர்மானித்ததும், வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். மேலும் கீழுமாக இரண்டு குழல். தட்டுகளுக்கும் ஆகவேண்டும், மாரியில் அந்த மூத்த பொறியியலாளரின் உறவினர் பண்ணையில் புறா சுடவும் ஆகவேண்டும். தட்டுக்கு மட்டுமென்றால் முப்பது அங்குலக் குழலும் நல்ல பாரமும் உதவும். நாள் முழுக்க வயலில் நடப்பதற்கு அது கூடாது. ஆகவே இருபத்தெட்டு அங்குலம், ஏழேகால் இறாத்தல். குழல் வாயை ஒடுக்கும் திருகுவளையங்கள் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். விலை, என் ஒரு மாதச் சம்பளத்தின் பாதிக்குள். மொத்தம் பதினொரு வரிகள்.

அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் கண்டார்.

"துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்து வாங்கப்போறியோ?"

இது விளையாட்டு என்றேன். மேலதிகாரிகள் எல்லோரும் சுடுகிறவர்கள் என்றும் சொன்னேன். இரண்டாவது காரணம் அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

துப்பாக்கிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசும் முதியவர். என் பட்டியலை வாங்கி முழுவதும் வாசித்தார், சிரிக்கவில்லை. மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். புதிய துருக்கித் துப்பாக்கி ஒன்று, மலிவு. திறந்து மூடும்போது மணல் அரைபட்டது போலிருந்தது. ஸ்பானியத் துப்பாக்கி ஒன்று, அழகு. ஆனால் குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டுத் தட்டியபோது மணியோசைக்குப் பதில் மரத்தின் ஓசை வந்தது. எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது என்றார் அவர். மூன்றாவது, இருபது வருடம் பழைய இத்தாலியத் துப்பாக்கி. முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பார்த்தேன். கீலில் அசைவே இல்லை. மேலேயுள்ள நெம்புகோல் இன்னும் நடுவுக்கு வலப்பக்கத்திலேயே நின்றது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் தேய்ந்தது என்று அர்த்தம். மரப்பிடியில் ஒரு கீறல். பிடியை எனக்காக முக்கால் அங்குலம் வெட்டித் தருவதாகவும், உரிமம் வரும்வரை எடுத்து வைப்பதாகவும் சொன்னார். தோளில் வைத்தேன். கன்னம் தானாகவே இடத்தில் போய் அமர்ந்தது.

உரிமம் தருவதற்கு முன் காவல்துறையிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார். அதற்குள் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியை என் அறைச் சுவரில் நான்கு போல்ட் போட்டு நானே பொருத்தியிருந்தேன். வந்தவர் போல்ட்டுகளை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பெட்டியின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எங்கே இருக்கும் என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னர் அம்மா பெருமையோடு அவரைக் கூட்டிப்போய், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த ஆணியைக் காட்டினார். வீட்டின் எல்லாத் திறப்புகளும் அங்கேதான் தொங்கும். அவர் பொறுமையாக விளக்கினார்: உரிமம் உள்ளவரைத் தவிர வேறு எவருக்கும் அது இருக்கும் இடம் தெரியக்கூடாது. கடவுளுக்குத் தெரியலாம் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மகன், இரவு ஷிப்ட், நித்திரை என்றார். உறவினருக்குச் சொல்வது போலவே, தடுமாறாமல். அவர் அதை எழுதிக்கொண்டார். யாரைப் பற்றியாவது தனக்குத் தெரியவேண்டியது ஏதும் உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு, அண்ணனை எழுப்பிவிடக் கூடாதென்று படிகளில் மெதுவாகக் கால்வைத்து இறங்கிப் போனார்.

உரிமம் ஐந்து வாரத்தில் வந்தது. சனிக்கிழமை துப்பாக்கியை எடுக்கப் போவதாக இருந்தேன். வெள்ளி மாலை அண்ணன் கீழே இறங்கி வந்தார், சவரம் செய்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கேட்காமலே தோசை ஊற்றினார். அண்ணன் மேசையில் கிடந்த என் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பாரம் எவ்வளவு என்று கேட்டார். கதைக்கிறான், கதைக்கிறான் என்று அம்மா எனக்குக் கண்ணால் சொன்னார். சட்னி எடுக்க அவர் உள்ளே போனதும் அண்ணன் கேட்டார்.

"நாளைக்கு எடுக்கிறாய் என்ன?"

"ஓம் அண்ணை."

"திறப்பை எங்க வைச்சிருக்கிறாய்?"

யாருக்கும் சொல்லக்கூடாது, சட்டம் அப்படி என்றேன். அவர் தோசையை நாலாக மடித்தார்.

"குளிர்கோட்டின்ர உள் பொக்கற்றில. செவ்வாய்க்கிழமை நீ குளிக்கேக்க எடுத்தனான். திறந்து பாத்தனான். வெறும் பெட்டி."

நான் கதவருகே தொங்கிய கோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது வெறும் பெட்டியாவே இருக்கட்டும் பிள்ளை. என்னால உறுதி சொல்ல ஏலாது."

அம்மா சட்னியோடு வந்தார். அண்ணன் தட்டைக் காலி செய்துவிட்டு மேலே போனார். என் பட்டியல் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பதினொரு வரிகளும் துப்பாக்கியைப் பற்றியவை. அது வந்து வாழப்போகும் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

காலையில் கடைக்காரரை அழைத்து வேண்டாம் என்றேன். பிடியை ஏற்கெனவே வெட்டிவிட்டதாகச் சொன்னார். குட்டையான யாருக்காவது போகட்டும் என்றார். காரணம் கேட்கவில்லை. உரிமத்தை ஒரு கடிதத்தோடு காவல்துறைக்குத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கடிதத்தில்தான் என் அண்ணன் நோயாளி என்பதை முதல் தடவையாக எழுதினேன். நான் முன்பு சொன்னது உண்மையல்ல என்றும் எழுதினேன்.

அம்மா இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கறி கிளறிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்: "பொலிசுக்கு எழுதிக் குடுத்திட்டாய். இனி ஆர் அவனுக்குப் பொம்பிளை குடுப்பினம்?"

அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் என்னிடம் சொன்னதை அங்கேயும் சொல்லச் சொன்னேன், சொன்னார். மாத்திரைகளை மாற்றினார்கள், அவற்றைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். வீட்டில் பூட்டும் இடம் ஒன்றுதான் இருந்தது.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அவர் என் அறை வாசலில் வந்து நிற்பார். நான் இரும்புப் பெட்டியைத் திறப்பேன். துப்பாக்கிக் குழல்களுக்காக வெட்டிய இரண்டு பள்ளங்கள் உள்ளே ஒட்டிய பஞ்சில் அப்படியே இருக்கின்றன. அடியில் மாத்திரை டின். இரண்டை எண்ணிக் கையில் வைப்பேன். என் முன்னாலேயே விழுங்குவார். சில நாட்களில் நன்றி சொல்வார், சில நாட்களில் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் போன பின் பூட்டி, திறப்பை வேறொரு இடத்தில் வைக்கிறேன். அந்த இடங்களை மட்டும் நான் எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை.